பெல்ட் வழுக்கினால் வழுக்கட்டும்: வீட்டுப் பட்டறையில் ஒரு தோட்ட டிராக்டர்

மூன்றாவது சால் பாதி தாண்டியபோது கீழேயிருந்து "டக்" என்று ஒரு சத்தம். இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, பெல்ட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, வண்டி மட்டும் அசையவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தால் பின்னால் இருக்கிற டிரான்ஸ்ஆக்ஸிலின் (கியரும் சக்கர அச்சும் சேர்ந்த பெட்டி) அலுமினிய ஓட்டில் நீளமாக ஒரு விரிசல், அதன் வழியே கிரீஸ் பிதுங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே ஒரு தோட்ட டிராக்டர் கட்டுகிற இந்த வேலை உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் ஒரு புல்வெட்டும் வண்டிக்குப் பின்னால் கலப்பையைக் கட்டி நான் விளையாடியது, அவ்வளவுதான்.

அது உட்கார்ந்து ஓட்டுகிற பழைய புல்வெட்டும் வண்டி. 12.5 எச்பி ஒற்றை சிலிண்டர் இன்ஜின், ஷாஃப்ட் செங்குத்தாகக் கீழே பார்த்தபடி இருக்கும், அங்கிருந்து ஒரே ஒரு பெல்ட் பின்னால் போகும், கியரும், இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியலும் ஒரே ஓட்டுக்குள் அடங்கியிருக்கும். சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டின் கனம் 19 மி.மீ. புல் வெட்ட இது தாராளம், ஏனென்றால் இன்ஜின் பலத்தில் பெரும்பகுதி பிளேடுக்குப் போய்விடும், சக்கரத்துக்கு வேண்டியது வண்டியை நகர்த்துகிற அளவு மட்டும்தான். நாம் வண்டியில் எழுதியிருக்கிற 12.5-ஐப் பார்த்து மயங்குகிறோம், அடியில் ஒளிந்திருக்கிற 19 மி.மீ.-ஐப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

நடந்த வரிசை இதுதான். முதல் சாலில் டயர் நின்ற இடத்திலேயே சுழன்றது, அதனால் சீட்டுக்குப் பின்னால் இரண்டு மணல் மூட்டையைக் கட்டினேன். இரண்டாவது சாலில் டயர் பிடித்துக்கொண்டது, ஆனால் பெல்ட் வழுக்கிப் புகைந்தது, அதனால் பெல்ட்டை அழுத்தி இறுக்குகிற ஐட்லர் உருளையின் ஸ்பிரிங்கைக் கழற்றி விறைப்பான ஒன்றைப் போட்டேன். மூன்றாவது சாலில் ஓடு பிளந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தபோது டிஃபரன்ஷியலின் சின்ன கியரில் இரண்டு பல்லைக் காணோம், அந்தப் பற்கள் நடுவில் மாட்டி நெம்பியதில்தான் ஓடு பிளந்திருக்கிறது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடிமனான கம்பியைச் சுற்றி வைக்கிற ஆளைப் பார்த்தால் நாம் சிரிப்போம். நான் செய்தது அச்சு அசலாக அதேதான், அதுவும் இரண்டு தடவை.

சரி, இரண்டாவது வண்டிக்கு வருவோம். இந்த முறை இரும்பைத் தொடுவதற்கு முன்னால் பேப்பரும் பென்சிலும் எடுத்தேன் என்று பெருமையாக எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் இன்ஜினை முதலில் வாங்கிவிட்டு அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 10 எச்பி, கிடை ஷாஃப்ட், பெட்ரோல், வேகம் 3600 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 3600 சுற்று) மேல் போகாமல் கவர்னர் பிடித்து நிறுத்துகிற வகை. (இந்தக் கவர்னரைக் கழற்றிவிட்டால் இன்னும் பலம் வரும் என்று ஆலோசனை சொல்ல எப்போதும் யாராவது இருப்பார்கள். இந்த மாதிரி இன்ஜின்களில் கனெக்டிங் ராடு பெரும்பாலும் அலுமினியம், ஃபிளைவீல் வார்ப்பு. அது இரண்டும் எகிறும்போது நம் முழங்கால் எங்கே இருக்கும் என்று யோசித்தால் போதும்.)

கணக்கு என்ன சொன்னது

கலப்பையிலிருந்து தொடங்கினேன். ஒற்றைக் கொழு, சாலின் அகலம் 20 செ.மீ., ஆழம் 15 செ.மீ., ஆக மண்ணின் குறுக்குவெட்டு 300 சதுர செ.மீ. மணல் கலந்த மண்ணில் ஒரு சதுர செ.மீ.-க்கு 0.2 முதல் 0.3 கிலோ இழுவிசை போதும், நடுத்தர மண்ணில் 0.5 வரும், காய்ந்த களிமண்ணில் 0.8-ஐயும் தாண்டும். அப்படியானால் எனக்கு வழக்கமாக 150 கிலோ இழுவை வேண்டும், மோசமான இடங்களில் 240 வரை வேண்டும்.

அடுத்தது வேகம். மனிதன் நடக்கிற வேகத்தில், அதாவது மணிக்கு 3 முதல் 4 கி.மீ.-க்குள் உழ வேண்டும். அதற்கு மேல் போனால் இழுவை கூடிக்கொண்டே போகும், மண்ணும் சாலை விட்டுத் தூரப் போய் விழும். நான் போட நினைத்த டயர் 23×8.50-12, வெளிவிட்டம் 23 அங்குலம், ஒரு சுற்றுக்கு 1.83 மீட்டர் போகும். பின்னால் ஒரு பழைய சின்ன காரின் அச்சு, அதன் நடுவில் 4.1-க்கு 1 என்று வேகத்தைக் குறைக்கிற கிரவுன் பினியன் கியர் ஜோடி. நடுவில் அதே காரின் நான்கு கியர் பெட்டி, முதல் கியர் 3.6. இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவில் 100 மி.மீ., 200 மி.மீ. புல்லிகள். 3600 பாதியாகி 1800, அதை 3.6-ஆல் வகுத்தால் 500, அதை 4.1-ஆல் வகுத்தால் 122. நிமிடத்துக்கு 122 சுற்று என்றால் மணிக்கு 13 கி.மீ.-க்கு மேல். முதல் கியரிலேயே! உழுவதற்குப் பதிலாக ஓட்டப்பந்தயத்துக்குப் போகலாம்.

கார் பாகங்களை வைத்து டிராக்டர் கட்டுகிற எல்லாரும் வந்து முட்டிக்கொள்கிற சுவர் இது. வழியும் பழையதுதான், ஒரு கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொன்றை வைப்பது. ஸ்வீடனில் 1940-இல் கார்களை டிராக்டராக மாற்றுவதற்கென்றே விதி வந்தது, அந்த வண்டிகளை எபா டிராக்டர் என்பார்கள், வேகத்தைக் குறைக்க அவற்றில் பலவற்றில் இரண்டு பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள். அமெரிக்காவில் அதே காலத்தில் பழைய ஃபோர்டு கார்களை வெட்டி இதே மாதிரி செய்த வண்டிகளுக்கு டூடில்பக் என்று பெயர். எனவே நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது பெட்டியும் முதல் கியரில் இருந்தால் 122 என்பது 34 ஆகும், வேகம் மணிக்கு 3.7 கி.மீ. கச்சிதம்.

ஆனால் பெட்டியை இரட்டிப்பாக்கினால் முறுக்கும் பெருகும் என்பதை எல்லாரும் சொல்வதில்லை. 10 எச்பி இன்ஜின் 3600-இல் தருவது சுமார் 20 நியூட்டன் மீட்டர். புல்லியில் அது 40, முதல் பெட்டிக்குப் பின் 143, இரண்டாவது பெட்டிக்குப் பின் 513, அச்சில் 2100. அந்தக் காரின் சொந்த இன்ஜின் 80 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் கியர் பெட்டி முதல் கியரில் பின்னால் அனுப்பியிருக்கக்கூடியது 288 மட்டுமே. நான் அனுப்பப் போவது அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சக்கர விளிம்பில் பார்த்தால் 730 கிலோ தள்ளுவிசை! எனக்கு வேண்டியதோ 240.

அந்த 730 கிலோ தரைக்கு வந்து சேராது, அதற்குள் டயர் சுழன்றுவிடும். ஓர் இழுவை வண்டி எவ்வளவு இழுக்கும் என்பதை முடிவு செய்வது பின்சக்கரத்தின் மேல் இருக்கிற எடையும் டயருக்கும் மண்ணுக்கும் உள்ள பிடிப்பும்தான், மெதுவாகப் போகும்போது இன்ஜினுக்கு அதில் பெரிய பங்கு கிடையாது. 240 கிலோவை மணிக்கு 3.7 கி.மீ. வேகத்தில் இழுக்கச் செலவாவது 3.3 எச்பி. சுழல்வதற்கும் கியர் உராய்வுக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். நான் வாங்கி வைத்திருந்தது 10. வாங்கும்போது 13 எச்பிக்கு ஆசைப்பட்டதை இங்கே சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், சரி, சொல்லியாயிற்று.

கட்டியது

சட்டத்துக்கு 100×50 சி சேனல். இதில் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு நீளத்தையும் தட்டையான தரையில் போட்டு, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, எல்லா இடத்திலும் டாக் (சின்னப் பொட்டு வெல்டு) அடித்த பிறகே முழு வெல்டிங், அதுவும் ஒரு மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. அவசரப்பட்டு ஒரு பக்கத்தை முழுதாக ஓட்டினால் சேனல் வாழைக்காய் மாதிரி வளையும். எர்த் கிளாம்பை வெல்டு போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும். தூரத்தில் பிடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் குழி விழும், அது அன்றைக்குத் தெரியாது, பத்து மணி நேரம் ஓடிய பிறகு ஊளையிடும்போதுதான் தெரியும்.

முன் அச்சு நடுவில் ஒரே ஒரு 25 மி.மீ. முளையில் ஊசலாடுகிறது. இது இல்லாவிட்டால் மேடு பள்ளத்தில் ஏதாவது ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும், சாதாரண டிஃபரன்ஷியல் இருக்கிற வண்டியில் அப்படி ஒரு சக்கரம் தூக்கினால் கதை முடிந்தது.

இன்ஜினை எங்கே வைப்பது என்பதில் ஒரு நாள் முழுக்கப் போயிற்று. நீளத்தை மிச்சம் பிடிக்க முதல் பெட்டிக்கு நேர் மேலே, ஷாஃப்ட் முன்னோக்கிப் பார்க்கும்படி வைக்கலாம் என்று திட்டம். போல்ட் போடுவதற்கு முன் கையால் சுற்றிப் பார்த்தேன், நல்லவேளை. இந்த இன்ஜின்கள் ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். கார் கியர் பெட்டி எதிர்பார்ப்பது, முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையை. என் திட்டப்படி கட்டியிருந்தால் நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைத்திருக்கும். இன்ஜினைத் திருப்பி, பெட்டிக்கு முன்னால், ஷாஃப்ட் பின்னோக்கிப் பார்க்கும்படி வைத்ததும் திசை சரியாகிவிட்டது. ஆனால் சக்கர இடைவெளி 1.6 மீட்டருக்கு நீண்டுவிட்டது, தோட்டத்துக்கு அது கொஞ்சம் நீளம்தான்.

பெட்டிகளைக் கோப்பதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. கிளட்ச் பிளேட்டின் நடுவில் ஸ்பிளைன் (நீளவாக்கில் பற்கள்) வெட்டிய குமிழ் ஒன்று இருக்கும், பிளேட்டை வெட்டி எறிந்துவிட்டு அதை மட்டும் எடுத்து ஒரு ஃபிளாஞ்சோடு (போல்ட் போடுகிற வட்டத் தகடு) சேர்த்து வெல்டு அடித்தால் பெட்டியின் முன் ஷாஃப்ட்டில் அப்படியே ஏறி உட்காரும். முதல் பெட்டியில் அந்த ஃபிளாஞ்சில் புல்லி, இரண்டாவதில் யூனிவர்சல் ஜாயின்ட், அதாவது கோணம் மாறினாலும் சுற்றுகிற இணைப்பு. ஓடியது, அழகாக ஓடியது, நான்கு மணி நேரம். அப்புறம் முதல் பெட்டியின் முன் ஆயில் சீலிலிருந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது, புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடியது. காரில் அந்த ஷாஃப்ட்டின் முனை ஃபிளைவீல் நடுவில் இருக்கிற பைலட் பேரிங்கில் உட்கார்ந்திருக்கும், அது இரண்டு பக்கமும் தாங்கலோடு வாழ்ந்த ஷாஃப்ட். நான் முனையை அந்தரத்தில் விட்டு, அதன் மேல் பெல்ட்டின் இழுப்பையும் ஏற்றியிருக்கிறேன். 8 மி.மீ. பிளேட்டில் ஒரு யூசிபி 205 பேரிங்கைப் பொருத்தி முனையைத் தாங்க வைத்த பிறகு இன்றுவரை சொட்டு எண்ணெய் இல்லை.

இரண்டு நெம்புகோல், பதினாறு கியர் என்று முதல் வாரம் குழந்தை மாதிரி விளையாடினேன். ரிவர்ஸும் ரிவர்ஸும் சேர்ந்தால் வண்டி முன்னால் போகும், தெரியுமா! ஆனால் இரண்டும் நான்காவதில் இருந்தால் கணக்குப்படி மணிக்கு 48 கி.மீ., சஸ்பென்ஷன் எதுவும் இல்லாத வண்டியில். இரண்டாவது பெட்டியை முதல் கியரில் நிரந்தரமாகப் பூட்டி நெம்புகோலைக் கழற்றி எடுத்துவிட்டேன். இப்போது நான்கு வேகம்: 3.7, 6.4, 9.6, 13.4. இவற்றுக்கு மேல் தோட்டத்தில் எதற்கு? முன் பெட்டியைப் பூட்டாமல் பின் பெட்டியைப் பூட்டியதற்குக் காரணம் உண்டு. கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் குறைத்தால் நடுவில் இருக்கிற ஷாஃப்ட்டும் ஜாயின்ட்டும் குறைந்த முறுக்கோடு தப்பித்துக்கொள்ளும்.

அரை ஷாஃப்ட்

கார் அச்சு அகலம், வெட்டிக் குறைக்க வேண்டும். வெளிக் குழாயை வெட்டி ஒட்டுவது பெரிய விஷயமில்லை, உள்ளே ஒரு நேரான கம்பியை இரண்டு பக்க பேரிங் இருக்கைகளிலும் நுழைத்து வைத்து வெல்டு போட்டால் கோணல் வராது. பிரச்சினை உள்ளே ஓடி ஒவ்வொரு சக்கரத்தையும் சுற்றுகிற அரை ஷாஃப்ட். லேத் வேலை செய்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய், வெட்டி நடுவில் வெல்டு போட்டுத் தரச் சொன்னேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "தம்பி, இது சும்மா கம்பி இல்ல. முறுக்கித் திரும்புற சாமான். நான் வெல்டு போட்டா இன்னைக்கு நிக்கும், நாளைக்கு நிக்காது. வேற வழி பாருங்க" என்றார். நான் வேறு வழி பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து நானே பள்ளம் வெட்டி, சூடுபடுத்தி, 7018 வெல்டிங் ராடு வைத்து நிரப்பி, சாம்பலில் புதைத்து ஆற வைத்து, ஒரு கைதேர்ந்த ஆள் மாதிரி கிரைண்டரில் மெருகும் போட்டேன்.

மூன்று மணி நேர உழவு. சரிவில் ஏறிக்கொண்டிருக்கும்போது இடது பக்க ஷாஃப்ட் முறிந்தது, வெல்டு அப்படியே இருக்க, அதன் ஓரத்தில், கத்தியால் வெட்டியது மாதிரி. நடுத்தர கார்பன் எஃகை வெல்டு அடித்தால், வெல்டுக்குப் பக்கத்தில் சூடுபட்ட பட்டைதான் கண்ணாடி மாதிரி நொறுங்கும், நான் என்ன சூடுபடுத்தினாலும் அளவு பார்க்காமல் செய்த சூடு அது. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு ஷாஃப்ட் போனால் மறு பக்கத்துக்கும் எதுவும் போகாது, இன்ஜின் பிரேக்கும் இல்லை, வண்டி சரிவில் பின்னால் உருளத் தொடங்கியது.

பிரேக்கை அழுத்தினேன், நின்றது. இது ஏன் முக்கியம் என்றால், பழைய புல்வெட்டும் வண்டியில் பிரேக் கியர் பெட்டியின் நடு ஷாஃப்ட்டில் ஒரு சின்ன டிஸ்க்காக இருந்தது, வீட்டில் கட்டுகிற பல வண்டிகளிலும் அப்படித்தான் வைக்கிறார்கள், வேலை சுலபம். அப்படி வைத்திருந்தால் அன்றைக்கு ஷாஃப்ட்டோடு பிரேக்கும் போயிருக்கும். கார் அச்சோடு இலவசமாக வந்த டிரம் பிரேக் சக்கரத்திலேயே இருந்ததால் நான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்புறம்தான் பெரியவர் சொன்ன "வேற வழி" எனக்கு உறைத்தது. என் அச்சில் பினியன் நடுவில் இல்லை, ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. அதனால் ஒரு ஷாஃப்ட் குட்டை, ஒன்று நெட்டை. இன்னொரு பழைய அச்சிலிருந்து இன்னொரு குட்டை ஷாஃப்ட்டை எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் குட்டை, நெட்டைப் பக்கக் குழாயை மட்டும் வெட்டினால் போதும். ஷாஃப்ட்டில் ஒரு சொட்டு வெல்டு இல்லை. ஸ்பிளைன் இரண்டுக்கும் ஒன்றா என்று மட்டும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

பிரேக்கை இடது வலது என்று தனித்தனி மாஸ்டர் சிலிண்டரில் பிரித்தேன். வண்டி நீளம் என்று சொன்னேனே, வரப்போரம் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்தால் சட்டென்று திரும்புகிறது. ஒரு சக்கரம் சேற்றில் சுழலும்போதும் அதன் பிரேக்கை லேசாகப் பிடித்தால் மறு சக்கரத்துக்கு விசை போகும், ஏனென்றால் இந்த டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் சம முறுக்கைத்தான் தரும், சுழல்கிற பக்கம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் மறு பக்கத்துக்கும். பிரேக் அந்தத் தாங்கலைச் செயற்கையாகக் கூட்டுகிறது. வேகமாகப் போகும்போது இரண்டு பெடலையும் ஒரு பட்டையால் இணைத்துவிட வேண்டும், மறந்தால் வண்டி பக்கவாட்டில் சாயும்.

தராசும் டயரும்

இழுவையை ஊகிக்க வேண்டாம் என்று ஒரு தொங்கு தராசை வண்டிக்கும் ஆழமாக நட்ட தூணுக்கும் நடுவில் மாட்டி அளந்தேன். நான் உட்கார்ந்த நிலையில் பின்சக்கரங்களில் 290 கிலோ, முன்னால் 110. வழவழ டயரில் 130 கிலோ இழுத்தபோது சுழன்றது. அதே அளவில் வரிக்கட்டை டயர் போட்டதும் 170. அப்புறம் டயருக்குள் தண்ணீர், வால்வை மேலே வைத்து அந்த மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு வரும், இந்த அளவு டயருக்கு ஒன்றுக்குச் சுமார் 25 லிட்டர். அதோடு சக்கரத்துக்கு 30 கிலோ வீதம் வார்ப்பு எடை. பின்சக்கரத்தில் 400 கிலோ ஆனது, இழுவை 240. கணக்கில் தேவைப்பட்ட எண் அதுவேதான். நான் இன்ஜினைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். (உறைபனி விழுகிற இடத்தில் வெறும் தண்ணீர் ஆகாது. கால்சியம் குளோரைடு கலப்பார்கள், அது ரிம்மை அரிக்கும்.)

ரிம்மில் கார் சக்கரத்தின் நடுத் தகட்டை வெட்டி வெல்டு போட வேண்டியிருந்தது. டயரை முழுதாகக் கழற்றிவிட்டுத்தான். காற்றை இறக்கினால் போதும் என்று நினைத்து டயரோடு சேர்த்து வெல்டு போட்டு, உள்ளே ரப்பர் வெந்து ஆவியாகி டயர் வெடித்து உயிர் போன சம்பவங்கள் உண்டு.

கரணம் அடிக்கப் பார்த்தது

கலப்பையைப் பூட்டுகிற கொக்கியைச் சட்டத்தின் பின் குறுக்குச் சேனலில் வைத்திருந்தேன், தரையிலிருந்து 45 செ.மீ., துளை போட வசதியான உயரம். அச்சின் மையம் 29 செ.மீ.-இல் இருக்கிறது. எடை ஏற்றி முதல் நாள், லேசான ஏற்றத்தில், கொழு ஒரு வேரில் மாட்டியது. நான் கிளட்ச்சைச் (இந்த வண்டியில் அது ஐட்லரால் பெல்ட்டை இறுக்கித் தளர்த்துவதுதான்) சட்டென்று விட்டேன். முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. ஏதோ ஒரு உணர்வில் கிளட்ச்சை மிதித்ததால் திரும்ப விழுந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். இழுவை 220 கிலோ, உயரம் 0.45 மீட்டர், சக்கர இடைவெளி 1.6. பெருக்கி வகுத்தால் முன்னாலிருந்து 62 கிலோ பின்னால் போய்விடுகிறது. ஏற்றத்தினாலும் கலப்பை கீழே இழுப்பதாலும் இன்னொரு 45. முன்னால் இருந்ததே 110. கிளட்ச்சை விட்ட அதிர்ச்சி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. கொக்கியை 25 செ.மீ.-க்கு இறக்கினால் 62 என்பது 34 ஆகிறது. பின்பக்கமாகக் கரணம் அடிக்கிற டிராக்டர் ஒன்றரை விநாடியில் தலைகீழாகக் கிடக்கும், யோசித்துச் செயல்பட நேரமே கிடையாது. 1917-இல் வந்த ஃபோர்டுசன் டிராக்டருக்கு இந்த விஷயத்தில் கெட்ட பெயர் இருந்தது. ஹாரி ஃபெர்குசன் கலப்பையை வெறுமனே சங்கிலி போட்டு இழுக்காமல், மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்து, கலப்பையின் இழுப்பே முன்பக்கத்தை அழுத்தும்படி யோசித்ததற்குப் பின்னாலும் இந்தத் தொல்லை உண்டு. அந்த அமைப்பு 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரில் வந்து உலகம் முழுக்கப் பரவியது.

அதே வாரம் கொக்கியை இறக்கினேன், முன்னால் 40 கிலோ கட்டினேன், இடுப்பில் மாட்டுகிற கயிறு இழுபட்டால் இன்ஜின் அணைகிற சுவிட்ச் வைத்தேன். தலைக்கு மேல் வளைவும் சீட் பெல்ட்டும் வைத்தேன். வளைவு மட்டும் இருந்து பெல்ட் இல்லாவிட்டால் அந்த வளைவே நம் மேல் விழும். என் வளைவை யாரும் சோதித்துச் சான்று கொடுக்கவில்லை, அதை நம்பி நான் சரிவில் ஏறுவதும் இல்லை.

பெல்ட்

இப்போது முதல் வண்டி எழுப்பிய பழைய கேள்விக்கு வருகிறேன்: விசை மிஞ்சினால் எது விட்டுக்கொடுக்க வேண்டும்? எடை ஏறிவிட்டது, டயர் நன்றாகப் பிடிக்கிறது, அதாவது டயர் சுழல்வது என்கிற முதல் ஃபியூஸை மறுபடியும் நானே தடிமனாக்கிவிட்டேன். வேரில் மாட்டி வண்டி நின்றால் இன்ஜின் அனுப்பக்கூடிய 513 நியூட்டன் மீட்டர் எங்கே போகும்? கிரவுன் பினியனிலோ, இரண்டாவது பெட்டியின் பல்லிலோ, ஏதோ ஒன்றில் போய் இறங்கும். எது உடைய வேண்டும் என்பதை இந்தத் தடவை இரும்பிடம் விடாமல் நானே முடிவு செய்தேன்.

அந்த அச்சு அதன் வாழ்நாளில் பார்த்துப் பழகியது 288. அதை இரண்டு பெட்டியின் பெருக்கமான 13-ஆல் வகுத்தால், முதல் பெட்டியின் புல்லியில் 22. அதற்கு மேல் போகக் கூடாது. 240 கிலோ இழுக்கத் தேவையானது அதே புல்லியில் 13, உராய்வையும் சேர்த்தால் 15. ஆக பெல்ட் 15-க்கும் 22-க்கும் நடுவில் வழுக்க வேண்டும், நான் 18 என்று வைத்துக்கொண்டேன். இரண்டு ஏ வகை பெல்ட்டுகள் போட்டிருந்தேன், ஒன்றைக் கழற்றினேன். இன்ஜின் ஷாஃப்ட்டை அசையாமல் பிடித்து, பெரிய புல்லியில் அரை மீட்டர் நீளக் கம்பியைப் பூட்டி, அதன் முனையில் தராசை மாட்டி இழுத்தேன். 3.7 கிலோவில் பெல்ட் வழுக்கும்வரை ஐட்லர் ஸ்பிரிங்கைத் தளர்த்திக்கொண்டே வந்தேன். இந்த வேலைக்கு ஐட்லரை வைத்து இறுக்கித் தளர்த்தவென்றே வருகிற அராமிட் என்கிற வலுவான செயற்கை நூல் வைத்த பெல்ட்தான் ஏற்றது, சாதாரண பெல்ட் நாலு தடவை வழுக்கினால் பளபளப்பாகி, பிறகு எப்போது வழுக்கும் என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடும்.

18 நியூட்டன் மீட்டர், 1800 ஆர்பிஎம். கணக்குப் பார்த்தால் 4.5 எச்பி. ஆசை ஆசையாக வாங்கிய 10 எச்பி இன்ஜினில் பாதிக்கு மேல் நான் வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறேன். அடுத்த வண்டி கட்டினால் 6 எச்பிதான் வாங்குவேன், மிச்சத்தை டயரில் போடுவேன்.

அதற்குப் பிறகு நாற்பது மணி நேரத்துக்கு மேல் உழுதாயிற்று. வேரிலும் கல்லிலும் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கருகிய ரப்பர் வாசனை வரும், கிளட்ச்சை மிதிப்பேன், கலப்பையைத் தூக்கிவிட்டுப் போவேன். ஒரு பெல்ட் தேய்ந்து மாற்றினேன், பத்து நிமிட வேலை. இரண்டாவது பெட்டியில் இப்போது லேசான ஊளை கேட்கிறது, எண்ணெயை இறக்கிப் பார்த்ததில் காந்தத்தில் பொடி மட்டும்தான் இருந்தது, துண்டு எதுவும் இல்லை. கழற்றிய அந்த இன்னொரு பெல்ட் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. புல்லியில் ஒரு பள்ளம் காலியாக இருப்பதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைக் காட்டி, "இதை மாட்ட மறந்துட்டீங்களா?" என்று கேட்கிறார்கள்.